சிப்பாயின் பெயர்: சதுரங்கப் பலகையிலிருந்து கையடக்கத் திரை வரை

பெங்களூரு சிவாஜிநகரைச் சுற்றி நடப்பவர், தாம் அறியாமலே ஒரு படைப்பிரிவிலிருந்து இன்னொரு படைப்பிரிவுக்குப் போய் வருகிறார். இன்ஃபன்ட்ரி ரோடு என்பது காலாட்படையின் தெரு. இன்று காமராஜர் பெயரைத் தாங்கும் சாலை முன்னாளில் கேவல்ரி ரோடு, அதாவது குதிரைப்படையின் தெரு. சற்றுத் தள்ளிப் பிரிகேட் ரோடு. கமர்சியல் ஸ்ட்ரீட்டை ஒட்டிக் கோயில் கொண்டிருப்பவள் தண்டு மாரியம்மன். கண்டோன்மென்ட் ரயில் நிலையத்தின் கன்னடப் பெயர்ப்பலகையிலும் அதே 'தண்டு'தான் நிற்கிறது. தண்டு என்றால் படை. 'தண்டெடுத்தல்' என்றால் படையெடுத்தல் என்பதைப் பழைய தமிழ் அகராதிகள் அறியும். இன்றைய பேச்சுத் தமிழில் தண்டு என்பது வாழைத்தண்டாகவும் கீரைத்தண்டாகவும் சுருங்கிவிட்டது. படைப்பொருளைக் காத்து வைத்திருப்பது ஓர் அம்மன் பெயரும் ஒரு ரயில் நிலையமும்தான்.

1809இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலேயர் தம் படையை இங்கு மாற்றியபோது உருவானது இந்தக் கண்டோன்மென்ட். வந்தது மதராஸ் படை. அதனோடு வந்தவர்கள் துப்பாக்கி தூக்கியவர்கள் மட்டுமல்லர். அக்காலத்துப் படை ஒன்று நகரும்போது வீரர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக, புல்லறுப்பவர், டோலி தூக்குபவர், தண்ணீர் சுமப்பவர், சமையற்காரர், துணி வெளுப்பவர், தானியம் விற்பவர் என ஒரு பெருங்கூட்டம் பின்தொடரும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் அப்படி வந்து, பிளாக்பள்ளி என்றழைக்கப்பட்ட பகுதியில் தங்கிய குடும்பங்களின் தமிழே, அங்கு வாழ்ந்த தக்னி உருதுவோடும் சுற்றியிருந்த கன்னடத்தோடும் உறவாடி, இன்றைய சிவாஜிநகரின் தமிழாயிற்று. 1881இல் மைசூர் அரசு மன்னரிடம் திரும்பியபோதும் இப்பகுதி ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947இல்தான் மைசூரோடு சேர்ந்தது, 1949இல் பழைய நகரோடு ஒரே மாநகராட்சியாயிற்று.

இந்தப் படைக்குடியிருப்பின் மையச் சொல் 'சிப்பாய்'. பாரசீகச் 'சிபாஹி' இந்திய மொழிகளுக்கும் போர்ச்சுக்கீசியத்துக்கும் சென்று, அங்கிருந்து ஆங்கிலத்தில் 'சிபாய்' ஆன வரலாறு மொழியியல் மாணவர் அறிந்ததே. அச்சொல் தமிழில் இன்னொரு வேலையையும் ஏற்றுக்கொண்டது. சதுரங்கப் பலகையின் முன்வரிசையில் நிற்கும் எட்டுக் காய்களைக் 'காலாள்' என்று புத்தகம் எழுதும்; ஆடும் பிள்ளைகள் 'சிப்பாய்' என்பார்கள். கண்டோன்மென்ட்டுக்குச் சம்பளத்துக்கு வந்தவனும் பலகையில் முதலில் வெட்டுப்படுபவனும் தமிழில் ஒரே பெயர் கொண்டவர்கள். ஒரே பெயர் என்பதைவிட, இருவருக்கும் சொந்தப் பெயர் இல்லை என்பதே சரி. இக்கட்டுரை பின்தொடர்வது அந்தப் பெயரின்மையைத்தான்: போர் ஆட்டங்களின் வரலாற்றில் சிப்பாய்க்கு எப்போது பெயர் வந்தது? யாருடைய சிப்பாய்க்கு வந்தது?

சதுரங்கம் என்ற சொல்லே நால்வகைப் படையைக் குறிப்பது: தேர், யானை, குதிரை, காலாள். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷனின் அவைக்களப் புலவர் பாணர் இவ்வாட்டத்தைக் குறிப்பிடுகிறார். ஈரான் வழியாக அரபு நாடுகளுக்கும், பிறகு ஐரோப்பாவுக்கும் சென்ற பயணத்தில் மற்றக் காய்கள் எல்லாம் உருமாறின. மந்திரி அரசியானார், யானை ஓரிடத்தில் ஆயராயிற்று, வேறிடத்தில் முட்டாளாயிற்று, தேர் கோட்டையாயிற்று. காலாள் மட்டும் எங்கே போனாலும் கால்நடையாகவே போனான். சமஸ்கிருதத்தில் பதாதி, பாரசீகத்தில் பியாதா, அரபியில் பைதக், ஸ்பானியத்தில் பெயோன். எல்லாவற்றிலும் பொருள் ஒன்றே: நடப்பவன். ஜெர்மானியர் அவனை உழவன் என்றார்கள், அதுவும் உயர்வல்ல. அரசு அலுவலகங்களில் கோப்புத் தூக்கும் 'பியூன்', போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த இதே காலாள்தான் என்பது இவ்வரலாற்றின் கசப்பான நகைச்சுவை. பலகையை விட்டு இறங்கியும் அவனுக்கு ஊதியக்குழுவின் அடிமட்டமே கிடைத்தது.

காலாளுக்குப் பலகை தந்த ஒரே ஆறுதல் பதவி உயர்வு. எட்டாம் வரிசையைத் தொட்டால் அவன் வேறொருவன் ஆகலாம். இந்திய மரபு விதிகளில் இதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: எந்தக் காய்க்குரிய நெடுவரிசையில் போய்ச் சேர்கிறானோ அந்தக் காயாக மட்டுமே ஆகலாம். குதிரையின் வரிசையில் சென்றவன் குதிரை, யானையின் வரிசையில் சென்றவன் யானை. பிறந்த வரிசை விதியைத் தீர்மானிக்கும் சமூகத்தின் நிழல் இவ்விதியில் விழுந்திருக்கிறது என்று கூறத் தோன்றும். அவ்வளவு எளிதாகப் பலகையைச் சமூகத்தின் கண்ணாடியாக்கிவிடக் கூடாது என்றாலும், ஆசை முற்றிலும் அடிப்படையற்றதல்ல.

மைசூரில் இந்தக் கதைக்கு ஒரு துயரமான இடைக்காட்சி இருக்கிறது. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1794இல் பிறந்து 1868இல் மறைந்தவர். 1831இல் ஆங்கிலேயர் ஆட்சிப்பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டனர். நிர்வாகத்தின் தலைமையிடம் பெங்களூருக்கு மாறியது. பட்டம் இருந்தது, படையும் ஆட்சியும் இல்லை. அம்மன்னர் தம் காலத்தில் ஆட்டங்களின் பெரும் தொகுப்பாளரானார். 'ஸ்ரீதத்துவநிதி'யின் இறுதிப் பகுதியான கௌதுகநிதியில் பலகை ஆட்டங்களும் சீட்டாட்டங்களும் விரிவாக இடம்பெற்றன. குதிரை அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் தொட்டு வலம்வரும் வழிகளை அவர் அமைத்தார். நாடு கைவிட்டுப் போன அரசன், பலகையில் ஒரு குதிரையை ஒரு கட்டமும் விடாமல் நடத்திக் காட்டினான் என்பதில் அதிகம் படிக்க வேண்டியதில்லை. ஆனால் படிக்காமல் கடக்கவும் இயலவில்லை.

ஐரோப்பாவில் சதுரங்கம் வேறு வழியில் வளர்ந்தது. 1780இல் பிரவுன்ஷ்வைக்கைச் சேர்ந்த ஹெல்விக் என்ற ஆசிரியர், 64 கட்டங்களுக்குப் பதிலாக 1,617 கட்டங்கள் கொண்ட பலகையில் மலை, சதுப்பு, ஆறு ஆகியவற்றை நிறங்களால் குறித்து ஒரு போர்ச்சதுரங்கம் செய்தார். காய்கள் படைவகைகள், நிலம் இப்போது போரில் பங்கெடுத்தது. பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் குடும்பம் அடுத்த பெரிய அடியை வைத்தது. 1824இல் மகன் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட விதிகளில் கட்டங்களே இல்லை. உண்மையான நிலப்படம், இரண்டு நிமிடப் போருக்கு ஒரு முறை, சேதத்தைப் பகடை தீர்மானிக்கும். ஆடுபவர் காய்களை நேராக நகர்த்துவதில்லை. தம் உத்தரவை எழுதி நடுவரிடம் கொடுப்பார். எதிரி எங்கே இருக்கிறான் என்பதை நடுவர் மட்டுமே அறிவார். ஆடுபவர் ஒரு படைத்தலைவனின் வேடத்தை ஏற்று, அவனுக்குத் தெரிந்திருக்கக் கூடியதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டும். வேடமேற்பு ஆட்டத்தின் வித்து இங்கேதான் விழுந்தது. ஆனால் வேடம் தலைவனுக்கு மட்டும். காலாள் இங்கே இன்னும் கீழே போனான்: ஒரு சிறு துண்டு ஒரு முழுப் படைப்பிரிவு, அதன் சாவு புள்ளிக்கணக்கு.

பிரஷ்யா 1871இல் பிரான்ஸை வென்றதும் எல்லாப் படைகளும் இந்த ஆட்டத்தைத் தேடின. பிரிட்டிஷ் படைக்கான விதிகளை 1872இல் தொகுத்தவர் ஈவ்லின் பேரிங் என்ற இளம் அதிகாரி. அதே ஆண்டு அவர் வைஸ்ராய் நார்த்புரூக்கின் தனிச்செயலராக இந்தியா வந்தார். பின்னாளில் குரோமர் பிரபு என்ற பெயரில் எகிப்தை ஆட்டிவைத்தார். போர் ஆட்டத்தின் விதிகளும் பேரரசின் கணக்கேடும் ஒரே மேசையில் எழுதப்பட்டன என்பது மிகையாகாது.

1896 அக்டோபரில் பெங்களூர்க் கண்டோன்மென்ட்டுக்கு நான்காம் ஹுஸார் குதிரைப்படையோடு வந்திறங்கிய இருபத்தொரு வயது அதிகாரி ஒருவரை இவ்விடத்தில் நினைக்க வேண்டும். வின்ஸ்டன் சர்ச்சில் சிறுவயதில் சுமார் 1,500 பொம்மைச் சிப்பாய்களை வைத்திருந்தவர். அவற்றை அணிவகுத்து வைத்திருந்ததைப் பார்த்தே தந்தை அவரைப் படைக்கு அனுப்ப முடிவு செய்தார். 1930இல் வெளிவந்த இளமைக்கால நினைவுநூலில் அவர் ஒரு செய்தியைச் சிரித்தபடி சொல்கிறார். எதிரிப்படையை நடத்தியவர் தம்பி ஜாக். ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் என்று ஒன்று செய்துகொண்டு, தம்பிக்கு வெள்ளையரல்லாத படை மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அப்படைக்குப் பீரங்கி கூடாது. குழந்தைகளின் தரைவிரிப்பில் பேரரசின் படைக்கொள்கை இவ்வளவு துலக்கமாக வேறெங்கும் எழுதப்பட்டதில்லை. அதே நூலின் பெங்களூர் அத்தியாயத்தில் பணியாளர்களின் நீண்ட பட்டியல் ஒன்று வருகிறது: பட்லர், குதிரைக்காரர், தோட்டக்காரர், தண்ணீர் சுமப்பவர், துணி வெளுப்பவர், காவற்காரர். எல்லோரும் வேலையின் பெயரால் வருகிறார்கள். அவர்களில் பலர் இன்றைய சிவாஜிநகரின் முன்னோராக இருந்திருக்க வேண்டியவர்கள்.

தனி ஆளுக்குப் பெயர் கிடைக்க 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மினியாபொலிஸில் டேவிட் வெஸ்லி என்பவர், நெப்போலியன் காலப் போர் ஆட்டம் ஒன்றில், படைகள் வந்து சேர்வதற்கு முன் அந்தக் கற்பனை ஊரில் இருக்கும் ஆட்களை நண்பர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். ஒருவர் நகரத்தலைவர், ஒருவர் வங்கியாளர், ஒருவர் மாணவர். ஒரு படை அல்ல, ஓர் ஆள். ஆட்டம் கட்டுக்கடங்காமல் போனது. வந்தவர்களுக்கோ அதுவே பிடித்துப்போனது. அந்த வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்ன்சனும், 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர்விதிகளை 1971இல் வெளியிட்டிருந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிட்டனர். ஒரு காய் ஓர் ஆளாகி, அந்த ஆளுக்குப் பெயரும் அனுபவமும் காயமும் நினைவும் வந்தன. ஆனால் இங்கே படை மறைந்துவிட்டது. நான்கைந்து வீரர்களின் சாகசம் மட்டும் நின்றது.

படையையும் பெயரையும் மீண்டும் ஒரே பலகையில் சேர்த்தது ஜப்பான். கியோட்டோவின் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனம் 1988இல் 'ஃபாமிகாம் வார்ஸ்' என்ற கட்டப்பலகைப் போர் ஆட்டத்தைச் செய்தது. அதில் சிப்பாய்கள் தொழிற்சாலையில் காசுக்கு உற்பத்தியாகும் பொருள்கள். அதே நிறுவனத்தில் ஷோஸோ காகா என்ற வடிவமைப்பாளர் அந்தக் குளிர்ச்சியை மாற்ற விரும்பினார். 1990 ஏப்ரலில் வெளிவந்த 'ஃபயர் எம்பளம்' ஆட்டத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் முகமும் பெயரும் உண்டு. அவன் வீழ்ந்தால் வீழ்ந்ததுதான். அடுத்த போரில் அவன் இடம் வெறுமையாக இருக்கும். ஜப்பானில் இவ்வகைக்குச் சிமுலேஷன் ஆர்பிஜி என்று பெயர். மற்ற இடங்களில் டாக்டிகல் ஆர்பிஜி. தமிழில் படைத்தந்திர வேடமேற்பு ஆட்டம் என்று சொல்லலாம். நீளமாக இருந்தாலும் பொருள் தவறாது.

பத்தாண்டுக்கு மேல் இவ்வரிசை ஜப்பானை விட்டு வெளிவரவில்லை. 2001இன் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ'யில் இதன் இரு பாத்திரங்கள் இடம்பெற, வெளிநாட்டு ஆடுநர்கள் யார் இவர்கள் என்று கேட்கத் தொடங்கினர். அதே 2001இல் கேம் பாய் அட்வான்ஸ் கருவி வந்திருந்தது. 2003இல் இவ்வரிசையின் ஏழாம் ஆட்டம், வெறும் 'ஃபயர் எம்பளம்' என்ற பெயரிலேயே, கையடக்கக் கருவிக்காக ஆங்கிலத்தில் வெளிவந்தது. அந்த ஆண்டுதான் 'ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ் அட்வான்ஸ்' என்பதும் அதே கருவிக்கு வந்தது. படைத்தந்திர ஆட்டம் உள்ளங்கையில் குடியேறிய ஆண்டு என்று 2003ஐச் சொல்லலாம்.

கருவியின் அளவு ஆட்டத்தின் இயல்பைத் தீர்மானித்தது. திரை 240க்கு 160 புள்ளிகள். ஒரு கட்டத்துக்குப் பதினாறு புள்ளி என்றால் ஒரு நேரத்தில் பதினைந்துக்குப் பத்து, ஆக 150 கட்டங்கள் கண்ணில் படும். ஹெல்விக்கின் பலகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காட்டில் நின்றால் அடி தவறும் வாய்ப்பு கூடும். மலையில் குதிரை ஏறாது. கோட்டைக்குள் நின்றால் காயம் ஆறும். வாள் கோடரியை வெல்லும், கோடரி ஈட்டியை வெல்லும், ஈட்டி வாளை வெல்லும். ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஆயுள் உண்டு. இரும்பு வாள் 46 வீச்சுக்குப் பின் முறிந்துபோகும். நூறு அனுபவப் புள்ளி சேர்ந்தால் வீரன் ஒரு நிலை உயர்வான். போதிய நிலை எட்டியதும் பதவி மாறும். காலாளின் எட்டாம் வரிசை இங்கே பலகையின் ஓரத்திலிருந்து ஆளின் வாழ்க்கைக்குள் இடம்பெயர்ந்துள்ளது.

ஆயினும் இந்த ஆட்டத்தின் உயிர் எண்களில் இல்லை. இரு வீரர்கள் பல முறை அருகருகே நின்று போரிட்டால், போரின் நடுவிலேயே இருவரும் பேசத் தொடங்குவர். பேச்சு வளர வளர ஒருவருக்கொருவர் துணையாகி, சேர்ந்து நிற்கும்போது இருவரின் வலிமையும் கூடும். அன்றிலிருந்து ஆடுபவர் கணக்கு வேறாகிறது. அந்த வில்லாளியை முன்னே அனுப்பினால் வெற்றி உறுதி, ஆனால் எதிரியின் ஈட்டிக்கு நாற்பது விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. சதுரங்கத்தில் இது பலிகொடுப்பு. நல்ல ஆட்டக்காரன் தயங்க மாட்டான். இங்கே தயங்குகிறான். பெயர் ஒன்று சேர்ந்ததும் பலிகொடுப்பு என்ற சொல் உவமை அல்லாமற் போகிறது. வீழ்பவன் இறுதியாக ஒரு சொல் சொல்லிவிட்டு மறைவான். கதை முடிந்தபின் பட்டியல் ஒன்று வரும்: யார் எத்தனை போரிட்டார், எத்தனை வென்றார், பிழைத்தவர் பின்னாளில் என்ன ஆனார், வீழ்ந்தவர் எந்த அத்தியாயத்தில் வீழ்ந்தார். படையின் பொருள்களைச் சுமந்து பின்னால் வரும் வணிகருக்குக்கூட மெர்லினஸ் என்று ஒரு பெயர் உண்டு. ஆடுபவரே ஒரு படைத்தந்திரியாகக் கதைக்குள் இருப்பார். மற்றவர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைப்பர், அவர் முகம் மட்டும் திரையில் வராது. முகமுள்ள சிப்பாய்களும் முகமற்ற தலைவனும்: ரைஸ்விட்ஸின் மேசை தலைகீழாயிற்று.

தமிழ் மாணவர் இந்தப் பட்டியலை எங்கோ பார்த்ததாக உணர்ந்தால் வியப்பில்லை. நடுகல் செய்வது இதையே. தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்-பிராமி நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் மாண்ட அந்தவன் என்பவனின் கல் என்பதை ஒரே வரியில் கூறி நின்றுவிடுகிறது. ஆளின் பெயர், ஊர், நிகழ்வு, வேறொன்றும் இல்லை. பெங்களூரின் சொந்த வரலாறும் அப்படியே தொடங்குகிறது. ஹெப்பாளில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 750ஐச் சேர்ந்த கல், தன் நாட்டைக் காக்கப் போரிட்டு இறந்த கிட்டய்யாவின் கல். 'பெங்களூரு' என்ற ஊர்ப்பெயர் முதன்முதலாகக் காணப்படும் ஒன்பதாம் நூற்றாண்டுப் பேகூர்க் கல்வெட்டும் ஒரு வீரக்கல்லே. பெங்களூர்ப் போரில் நாகத்தரன் வீட்டைச் சேர்ந்தவர்கள் மாண்ட செய்தியைப் பெயரோடு கூறுகிறது. ஊரின் பெயரே ஒரு சிப்பாயின் சாவுக்குறிப்பில் கிடைத்தது.

ஒப்புமையை இன்னும் நீட்ட இடமுண்டு. புறப்பொருள் வெண்பாமாலை போரைத் திணைகளாகப் பகுக்கும் முறை, இந்த ஆட்டத்தின் அத்தியாய இலக்குகளோடு விந்தையாகப் பொருந்துகிறது. கோட்டையின் வாயிலைக் கைப்பற்று என்றால் உழிஞை. இத்தனை முறை வரை காத்து நில் என்றால் நொச்சி. எதிரிகள் ஒருவரும் மிஞ்சக்கூடாது என்றால் தும்பை. ஆனால் ஒப்புமை உறவாகாது. கியோட்டோவில் யாரும் ஐயனாரிதனாரைப் படித்திருக்கவில்லை. போரை ஒழுங்குபடுத்திச் சொல்ல விரும்பும் எந்தப் பண்பாடும் தாக்குதல், காத்தல், நேருக்குநேர் மோதல் என்ற அதே வகைகளை வந்தடையும் என்பதே இதில் கிடைக்கும் முடிவு. தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு நிலைகளை வகுத்ததுதான் உண்மையான வேறுபாடு. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஒரு சமூகம் கூடிச் செய்த வேலை அது. திரையில் அதே வேலையை ஒருவர் தனியே, பேருந்து இருக்கையில் அமர்ந்து, இரண்டு பேட்டரிகள் தீர்வதற்குள் செய்துகொள்கிறார்.

கல்லுக்கும் திரைக்கும் இடைப்பட்ட காலத்தில் பெயரைப் பதியும் பொறுப்பு பேரரசிடம் இருந்தது. அது எப்படி நிறைவேறியது என்பதற்குப் பாஸ்ராவைப் பார்க்கலாம். முதல் உலகப்போரில் மெசபடோமியாவில் மாண்ட நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக 1929இல் அங்கே நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் வீரர்கள் ஒவ்வொருவரின் பெயரும் பொறிக்கப்பட்டது. இந்தியப் படையில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சாதாரணச் சிப்பாய்கள் தத்தம் படைப்பிரிவின் கீழ் ஓர் எண்ணிக்கை. ஹலசூர் ஏரிக்கரையைத் தலைமையகமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்களின் கம்பெனிகளும் அந்தப் போர்முனையில் இருந்தன. அவ்வீரர்களைப் படைவட்டாரத்தில் இன்றளவும் 'தம்பி' என்றே அழைக்கிறார்கள். உறவுப்பெயர் ஒன்று படைப்பெயராக நின்றது அழகுதான். ஆனால் தம்பி என்பதும் ஓர் ஆளின் பெயரல்ல.

2021இல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் சிறப்புக் குழு இதைத் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை. பெரும்பாலோர் ஆப்பிரிக்கரும் இந்தியரும் மேற்காசியரும். கீழ்மட்டத்தையும் மேல்மட்டத்தையும் பிரிக்கும் இந்த இடைவெளியே ஓர் ஆய்வாளருக்கு முக்கியமான தரவு. பிழைகளின் திரட்சி என்று அதைக் கடந்துவிட முடியாது. யார் ஆள், யார் தொகை என்ற வகைப்பாடு முன்கூட்டியே செய்யப்பட்டிருந்தது. ஜாக் சர்ச்சிலின் தரைவிரிப்பில் இருந்த வகைப்பாடு அது.

கேம் பாய் அட்வான்ஸ் இந்தியாவில் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த உறவினரின் பெட்டிகளில் வந்தது. பிறகு கணினியிலும் கைபேசியிலும் ஓடும் எமுலேட்டர்களாகப் பரவியது. பெரும்பாலான வீடுகளில் கையடக்க ஆட்டம் என்றால் செங்கல் அடுக்கும் மலிவுக் கருவிதான். அதே காலத்தில் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் ஆசிரியர்களும் என்கோர் நிறுவனத்தினரும் சேர்ந்து சிம்பியூட்டர் என்ற கையடக்கக் கணினியை வடிவமைத்து, 2004இல் அது விற்பனைக்கும் வந்தது. எழுத்தறியாதவருக்கு இந்திய மொழியில் வாசித்துக் காட்டும் கருவி என்பது அதன் கனவு. சந்தை அதை ஏற்கவில்லை. உள்ளங்கையில் எந்த மொழி பேசப்படும் என்ற கேள்விக்கு அப்போது கிடைத்த விடை ஆங்கிலமே; சிப்பாய்களின் இறுதிச்சொற்களையும் இந்தியச் சிறுவர்கள் ஆங்கிலத்திலேயே படித்தார்கள், பாதி புரிந்தும் பாதி ஊகித்தும்.

இந்த ஆட்டத்தை மனிதநேயத்தின் வெற்றி என்று கொண்டாடுபவர்கள் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஆடுபவர்களில் பெரும்பாலோர் ஒருவர் வீழ்ந்ததும் அத்தியாயத்தை முதலிலிருந்து தொடங்குகிறார்கள். சாவு மீளாதது என்பதே விதி, மீட்டெடுப்பதே நடைமுறை. 2010இல் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வந்த ஆட்டத்தில் நிறுவனமே இதை ஏற்று, வீழ்ந்தவர்கள் அடுத்த அத்தியாயத்தில் எழுந்து வரும் எளிய முறை ஒன்றைச் சேர்த்தது. விற்பனைக்கு அது உதவியது, நடுகல்லுக்கு உதவவில்லை.

இரண்டாவது இன்னும் ஆழமானது. பெயர் பெற்றவர்கள் எல்லோரும் ஆடுபவரின் படையில் இருப்பவர்கள். எதிரில் நிற்பவர்களில் தலைவனுக்கு மட்டுமே பெயரும் முகமும். மற்றவர்கள் கொள்ளையன், கூலிவீரன், வில்லாளி என்று வேலையால் அறியப்படுபவர்கள். பெங்களூர் பங்களாவின் பணியாளர் பட்டியல் போலவே. 2003இன் ஆட்டத்தில் 'சோல்ஜர்' என்று தனியே ஒரு படைவகை உண்டு. ஈட்டி தாங்கிய சாதாரணக் காலாள். ஆடுபவரின் படையில் அவ்வகையைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. எத்தனை போரில் நின்றாலும் அவ்வகைக்குப் பதவி உயர்வும் கிடையாது. அவன் வீழும்போது இறுதிச்சொல் எதுவும் திரையில் வராது. உருவம் மங்கி மறையும், ஆடுபவரின் வீரனுக்குச் சில அனுபவப் புள்ளிகள் ஏறும், அடுத்த முறை தொடங்கும்.